பின்னாலிருந்து பூட்டிவரும் வைரஸ்

தங்கச்சிமடம்
14.6.1998

இயேசு மரி சூசை

அன்புள்ள அத்தானுக்கு மேரி எழுதுவது.

நானும் மாமியும் சுகம். உங்கள் முதுகுவலி விட்டதா? வெயிலில் தலையில் துணி இல்லாமல் அலைய வேண்டாம் என்று மாமி எழுதச் சொன்னார்கள். இங்கே கச்சான் காற்று ஆரம்பித்துவிட்டது. சோற்றில்கூட மணல் கடிபடுகிறது.

நீங்கள் லீவு முடிந்து போனபின் கூடத்தில் ஆண்பிள்ளையாக உட்கார்ந்திருப்பது உங்கள் கம்ப்யூட்டர்தான். சாயங்காலம் கோயிலில் திருந்தாதி மணி அடித்ததும் மாமி பொத்தானை அழுத்துகிறார்கள். நீங்கள் அமைத்துக் கொடுத்தபடி மாமாவின் குரல் தானாகவே செபமாலையைத் தொடங்குகிறது. அவர் முதல் பாதியைச் சொல்ல, மாமி மறுபாதியைச் சொல்கிறார்கள். இறந்து நான்கு வருடமான மனிதரோடு தினமும் செபம் செய்கிற பாக்கியம் இந்தத் தெருவில் வேறு யாருக்கு இருக்கிறது என்று பெருமை வேறு. பழைய கேசட் உப்புக்காற்றில் பூத்து அறுந்துவிட்டதால் மாமாவின் குரல் இப்போது இந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கிறது.

என் ஆராய்ச்சிக்கான கடல் அட்டைக் கணக்கும் இதற்குள் மட்டும்தான். மூன்று வருடமாகத் தொட்டி தொட்டியாக அளந்து எழுதிய தாள்களை, நான் ஏற்றி முடிக்க முடிக்க, மாமி அடுப்புப் பற்றவைக்க எடுத்துவிட்டார்கள். "அதான் பெட்டிக்குள்ள ஏத்திட்டேல்ல, பெறகு எதுக்குக் கரப்பான் அடையுற காயிதம்?" என்றார்கள். லீவில் நீங்களும் அதையே சொன்னதால் நானும் விட்டுவிட்டேன்.

இப்போது ஒரு சிக்கல். நீங்கள் கொண்டுவந்த சீட்டாட்ட ஃப்ளாப்பியில் மீதி இடம் இருந்தது. அதில் என் அட்டவணை ஒன்றை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். ஆராய்ச்சி மையத்துக் கம்ப்யூட்டரில் போட்டதும் 'ஒன் ஹாஃப்' என்று ஒரு பூட் வைரஸ் இருப்பதாகக் காட்டியது. கம்ப்யூட்டர் கண்விழிக்கும் இடத்திலேயே குடியிருக்கும் வைரஸாம். அங்கேயும் சில கம்ப்யூட்டர்களில் அது இருக்கிறது. கண்டுபிடிக்க அவர்களால் முடிகிறது, எடுக்கத் தெரியவில்லை. வீட்டுப் பெட்டியைச் சுத்தம் செய்யும்வரை ஃப்ளாப்பியோடு வாசல்படி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். டிசம்பருக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் என் பதிவு செத்துவிடும். நீங்கள் இந்த வேலைதானே செய்கிறீர்கள்? என்ன செய்ய வேண்டும் என்று உடனே எழுதுங்கள்.

அன்புடன்,
மேரி

—

ஷார்ஜா
2.7.1998

அன்பே மேரி,

கர்த்தர் கிருபையால் நான் நலம். முதுகும் நலம். நீயும் அம்மாவும் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

கடல் அட்டைக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மாவுக்குப் பெட்டிக்கு வைத்தியம் பார்க்க இந்த டிப்ளமோக்காரன்தான் வேண்டியிருக்கிறது, பார்த்தாயா! பயப்படாதே. இதே ஒன் ஹாஃபை இந்த ஊரில் இரண்டு கடைக்கு நானே என் கையால் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். எனக்கு அது வீட்டுப் பூனை மாதிரி.

நான் சொல்கிறபடி செய். எந்த ஃப்ளாப்பியையும் உள்ளே போடாதே. எதையும் நகல் எடுக்காதே, எடுத்தால் நகலிலும் ஒட்டிக்கொள்ளும். வெளியாள் யாரையும் தொடவிடாதே. உன் வேலையை எப்போதும்போல அதிலேயே செய். ஒரு குறையும் வராது. சமயம் வரும்போது மருந்தை நானே அனுப்புகிறேன்.

கீழே உள்ளதை அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டு.

அம்மா, அய்யா குரல் இந்த வீட்டில் ஒருநாளும் நிற்கக்கூடாது. சாயங்காலம் தவறாமல் பொத்தானை அழுத்துங்கள். மேரி வேண்டாம் என்றாலும் அழுத்துங்கள்.

உன் நினைவில்,
இன்னாசி

—

ஷார்ஜா
2.7.1998

அன்புள்ள அக்கா சவேரியம்மாளுக்குத் தம்பி எழுதுவது.

நீயும் மச்சானும் பிள்ளைகளும் நலமா? மச்சான் குடியைக் கொஞ்சம் குறைத்தாரா? இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு.

வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு வைரஸ் வந்திருக்கிறது. உனக்குப் புரியும்படி சொல்கிறேன். வீட்டுக்குள் ஒரு திருடன் புகுந்து, கடைசி அறையிலிருந்து ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டே வாசலைப் பார்த்து வருகிறான் என்று வைத்துக்கொள். ஒவ்வொரு தடவை பெட்டியைப் போடும்போதும் இன்னும் கொஞ்சம் பூட்டுவான். சாவி அவன் மடியில். அவன் உள்ளே இருக்கும்வரை நாம் கேட்டதையெல்லாம் அவனே திறந்து எடுத்துக் கொடுப்பான். அதனால் பூட்டியிருப்பதே யாருக்கும் தெரியாது. ஆனால் அவனை அடித்து விரட்டினால் சாவியோடு போய்விடுவான். பூட்டியது பூட்டியதுதான், எந்தக் கொம்பனாலும் திறக்க முடியாது. முறையான வைத்தியம் வேறு. முதலில் எல்லாப் பூட்டையும் அவனையே திறக்க வைத்துவிட்டு அப்புறம் வெளியேற்ற வேண்டும். அதற்குத் தனி ஃப்ளாப்பி இருக்கிறது. என் மேசையிலேயே இருக்கிறது.

அதை மேரிக்குச் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை.

போன லீவில் மண்டபத்துக்கு அவளைக் கூப்பிடப் போனேனே, அவளுடைய பெரிய சார் என்னைப் பியூன் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னான். இவள் சிரித்தாள் அக்கா. பிறகுதான் "இவர் என் வீட்டுக்காரர்" என்றாள். கோயில் திருவிழாவிலும் என்னை 'மண்டபத்து மேரி மாப்பிள்ளை' என்கிறார்கள். கோயிலுக்கு நான் அனுப்பிய ஏசியில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்கிறார்கள். டாக்டர் பட்டமும் வந்து தூத்துக்குடியில் வேலையும் கிடைத்தால் இவள் என் பேச்சைக் கேட்பாளா? எழுதியது போனால் படிப்பு போகும். படிப்பு போனால் வீட்டில் இருப்பாள், பிள்ளை குட்டி என்று ஆகும். நான் என் கையால் எதையும் அழிக்கவில்லை. வைரஸ் அழிக்கிறது.

அய்யா குரலைப் பற்றிக் கவலைப்படாதே. அதை நான்தான் எல்லாவற்றுக்கும் முதலில் ஏற்றினேன். வாசலறையில் பத்திரமாக இருக்கிறது. அவள் எழுதியதெல்லாம் அதற்குப் பின்னால். பின்னால் இருப்பது பூட்டியதும் நான் நிறுத்திவிடுவேன். அம்மா ஒருநாள்கூடச் சாயங்கால செபத்தை விடாமல் நீ பார்த்துக்கொள்.

உன் தம்பி,
இன்னாசி

—

பாம்பன்
17.8.1998

அன்புத் தம்பி இன்னாசிக்கு அக்கா சவேரியம்மாள் எழுதிக்கொண்டது.

நாங்க எல்லாரும் சொகம். மச்சான் குடிய விடல, குடிதான் அவர விடணும். மாதா திருநாளுக்கு அம்மாவுக்கு நீல சேல எடுத்துக் குடுத்தேன், நீ அனுப்புனதுன்னு சொல்லிட்டேன்.

ஒங் கடுதாசிய கிழிச்சு அடுப்புல போட்டாச்சு. திருடன், பூட்டு, சாவி எல்லாம் நல்லா வெளங்குச்சு. இந்தச் சிறுக்கிக்கு இது வேணும்டா. திருநாள் அன்னைக்குக்கூட வாளியத் தூக்கிட்டு அட்டைக்குத் தண்ணி மாத்தப் போயிட்டா. அம்மா கேட்டதுக்கு, அட்டைக்குத் திருநாள் கெடையாது மாமின்னு சொல்றா. கல்யாணமாகி நாலு வருசம், வயித்துல ஒண்ணுமில்ல. ஊருல கேக்குறவளுக்குப் பதில் சொல்றது நானு.

நீ ஒண்ணும் கவலப்படாத. நீ சொன்னத மட்டும் பண்றவ இல்ல ஒன் அக்கா. அதுக்கு மேலயே ஒரு ஏற்பாடு பண்ணி வச்சிருக்கேன். அம்மாவுக்கும் சந்தோசம், நம்ம காரியமும் வெரசா முடியும். அந்தக் கதய நீ லீவுக்கு வரும்போது சிரிச்சுச் சிரிச்சுச் சொல்றேன்.

வரும்போது எனக்கு ஒரு கைக்கடியாரம் கொண்டுவாடா. தங்கக் கலரு.

ஒன் அக்கா,
சவேரியம்மாள்

—

தங்கச்சிமடம்
20.9.1998

இயேசு மரி சூசை

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கு சுகம். அங்கும் அப்படியே இருக்க மன்றாடுகிறேன். மூன்று மாதமாக நான் எழுதவில்லை என்று வருத்தம் வேண்டாம், வேலை அப்படி. மாமிக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கிறது. உச்சிப்புளிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். கம்ப்யூட்டர் பொத்தானை மட்டும் தடவாமலே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

நீங்கள் சொன்னபடி மருந்துக்காகக் காத்திருக்கிறேன். மண்டபத்தில் கம்ப்யூட்டர்கள் சரியாகிவிட்டன.

போன வாரம் தொட்டிக்குள் எப்படியோ ஒரு நண்டு புகுந்துவிட்டது. அட்டையைப் பிடித்துச் சீண்டியது. அட்டைக்குப் பல்லும் இல்லை, ஓடக் காலும் இல்லை. அது தன் குடலையே வெளியே கக்கிப் போட்டுவிட்டது. நண்டு அதைத் தின்றுகொண்டிருக்கும்போது அட்டை மெல்ல மணலுக்குள் இறங்கிவிட்டது. குடல் திரும்ப வளர்ந்துவிடும். படித்திருந்தேன், கண்ணால் பார்த்தது இதுதான் முதல் தடவை. உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் அனுப்பும் மருந்தைப் போட்டால் உள்ளே இருப்பதில் எதுவாவது அழியுமா? எனக்கு ஆம் அல்லது இல்லை என்று ஒரு சொல் போதும். அழியும் என்றால் அதையும் எழுதுங்கள், நான் கோபப்பட மாட்டேன். சத்தியமாக மாட்டேன். வேறு வழி பார்த்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

உங்கள் பதிலுக்காக உண்மையிலேயே காத்திருக்கிறேன்.

மேரி

—

ஷார்ஜா
8.10.1998

அன்பே மேரி,

நான் நலம். அம்மா கண்ணை நல்ல டாக்டரிடம் காட்டு. உன்னைப்போல அட்டை டாக்டரிடம் காட்டிவிடாதே! குடலைக் கக்கும் பூச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கத்தான் இத்தனை வருடப் படிப்பா? சும்மா கேலிக்குச் சொன்னேன், முகத்தைத் தூக்காதே.

நீ கேட்டதற்குப் பதில்: இல்லை. எதுவும் அழியாது. உன் எழுத்தில் ஒரு புள்ளிகூடக் குறையாது. நம்பிக்கை இல்லாவிட்டால் சொல்கிறேன், கேள். செத்துப்போன என் அய்யா மேல் சத்தியம். அவர் குரலைத் தினமும் அந்த வீட்டில் கேட்கிறாயே, அந்தக் குரல் மேல் சத்தியம். போதுமா?

நம் கடை முஹைதீன் லீவில் ஊருக்கு வருகிறான். அவனிடம் ஒரு ஃப்ளாப்பி கொடுத்திருக்கிறேன். பனைக்குளம் போகிற வழியில் வீட்டில் கொடுப்பான். பெட்டியை அணைத்துவிட்டு ஃப்ளாப்பியை உள்ளே தள்ளிப் பிறகு போடு. கறுப்புத் திரை வரும். அதில் எஃப்-டிஸ்க் என்று அடி, ஓர் இடம் விடு, சாய்கோடு போட்டு எம்-பி-ஆர் என்று அடி, என்டரைத் தட்டு. எதுவும் கேட்காது, சத்தமும் வராது. வைரஸ் போய்விடும். ஃப்ளாப்பியை எடுத்துவிட்டுப் பெட்டியை மறுபடி போடு.

டிசம்பருக்கு இன்னும் நாள் கிடக்கிறது. நிம்மதியாகச் செய். நீ பட்டம் வாங்கினால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவன் யார்?

உன் நினைவில்,
இன்னாசி

—

பாம்பன்
9.11.1998

தம்பி இன்னாசிக்கு அக்கா எழுதுவது.

இங்க யாரும் சொகமில்ல. நீ எப்படி இருக்கன்னு கேக்கவும் எனக்குத் தெம்பில்ல.

கல்லறத் திருநாள் அன்னைக்கு சாயங்காலம் வீடு நெறைய ஆளு. அய்யா கொரல் கணீர்னு வந்துச்சு, அம்மா விக்கி விக்கி அழுதுக்கிட்டே செபம் சொன்னா. மறுநா காலைல முஹைதீன் குடுத்த அந்தத் தட்ட மேரி உள்ள போட்டா. நானும் பக்கத்துலயே நின்னேன், பாக்கணும்னு. என்னமோ ரெண்டு வார்த்த அடிச்சா. தட்ட எடுத்துட்டுத் திருப்பிப் போட்டா. ஒண்ணுமே வரல தம்பி. கறுப்புல ஒரு வரி இங்கிலீசு, அம்புட்டுத்தான். மத்தியானம் மணியடிச்சதும் அம்மா வந்து பொத்தான அமுக்குனா. அய்யா வரல. திரும்பத் திரும்ப அமுக்குறா. "எங்கத்தா அய்யாவக் காணோம்?"ங்குறா.

வாசலறைல பத்திரமா இருக்குன்னு சொன்னியடா!

ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். போன ஆகஸ்ட்லருந்து நான்தான் அம்மாகிட்ட, சாயங்காலம் மட்டும் பத்தாது, காலைல, மத்தியானம், ராத்திரின்னு திரிகால செபத்துக்கும் பெட்டியப் போடும்மா, செபமாலைக்குத் தனியாப் போடும்மான்னு சொல்லி வச்சேன். பெட்டிக்குள்ள ஒரு சாத்தான் பூந்துருக்கு, அய்யா கொரல் கேட்டாத்தான் ஓடும்னு சொன்னேன். அம்மா ஒரு வேள விடல. அவ எழுத்து சீக்கிரம் பூட்டட்டும்னுதான் செஞ்சேன். அது வாச வரைக்கும் வரும்னு நான் கண்டேனா?

மேரி அழுகவே இல்ல தம்பி. மூணு வருச ஒழைப்பு போயிருக்கு, அழுகவே இல்ல. கீபோர்டத் தொடச்சு மூடி வச்சுட்டு மீன் கழுவப் போயிட்டா. எனக்கு அதான் பயமா இருக்கு.

சவேரியம்மாள்

—

ஷார்ஜா
24.11.1998

அன்புள்ள மேரிக்கு,

நீ நலமா? அம்மா சாப்பிடுகிறார்களா? கம்ப்யூட்டர் எழவில்லை என்று அக்கா எழுதியிருந்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மருந்து சரியான மருந்துதான். நீ அடித்ததில் தவறு இருக்கலாம். சரி, அதை விடு.

தயவுசெய்து அதை இனி யாரும் தொட வேண்டாம். அம்மாவையும் பொத்தானை அழுத்த விடாதே. பழைய கேசட் துண்டாகவாவது எங்காவது கிடக்கிறதா, பீரோவுக்கு மேலே தேடிப்பார். மண்டபத்தில் கம்ப்யூட்டர்கள் சரியாகிவிட்டதாக எழுதியிருந்தாயே, யார் சரி செய்தார்கள், எப்படிச் செய்தார்கள்? நீ அந்த ஃப்ளாப்பியைப் போடுவதற்கு முன்னால் யாராவது பெட்டியைப் பார்த்தார்களா? வைரஸ் குடியிருந்த அந்த முதல் இடத்தை யாராவது நகல் எடுத்து வைத்திருந்தால் இன்னும் வழி இருக்கிறது. விசாரித்து உடனே எழுது.

உன் எழுத்து போனதில் எனக்கும் வருத்தம்தான். அழாதே. நான் இருக்கிறேன்.

இன்னாசி

—

ஷார்ஜா
20.12.1998

மேரி,

கிறிஸ்துமஸ் வாழ்த்து. என் கடிதம் வந்ததா? இரண்டு தடவை தபாலில் போட்டேன், போனிலும் கூப்பிட்டேன். நீ கோயிலுக்குப் போயிருப்பதாக அம்மா சொன்னார்கள். அம்மா போனில் வேறு எதையும் பேசவில்லை. "அய்யாவ எப்பப்பா வர வைப்ப?" என்று மட்டும் கேட்டார்கள். நான் லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

என்மேல் கோபம் இருந்தால் திட்டியாவது எழுது.

இன்னாசி

—

தங்கச்சிமடம்
11.1.1999

திரு. இன்னாசி அவர்களுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீங்கள் அழ வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். நான் அழுதது செப்டம்பரில். உங்களுக்குத் தெரியாது.

செப்டம்பர் முதல் வாரம் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வைரஸை எடுக்கும் ஃப்ளாப்பியோடு மண்டபத்துக்கு வந்தார். ஒன் ஹாஃப் என்ன செய்யும் என்று எங்கள் எல்லாரையும் உட்காரவைத்து விளக்கினார். பின்னாலிருந்து பூட்டிக்கொண்டு வரும், போடும்போதெல்லாம் பூட்டும், சாவி அதனிடமே இருக்கும், பூட்டைத் திறக்காமல் விரட்டினால் எல்லாம் போகும் என்றார். எப்படி விரட்டக்கூடாது என்பதற்கு அவர் கரும்பலகையில் எழுதிக் காட்டிய வரிதான், அக்டோபரில் உங்கள் கடிதத்தில் வந்தது. ஒரு தடவையாவது இதை எடுத்தவனுக்கு இது தெரியாமல் இருக்காது என்றும் சொன்னார். நீங்கள் இரண்டு கடைக்கு எடுத்திருக்கிறீர்கள். உங்கள் கைப்பட எழுதியிருக்கிறீர்கள்.

பஸ்ஸில் பாம்பன் பாலத்தைத் தாண்டும்போது உங்கள் ஜூலைக் கடிதத்தை நினைத்துப் பார்த்தேன். நகல் எடுக்காதே. வெளியாளைத் தொடவிடாதே. மேரி வேண்டாம் என்றாலும் அழுத்துங்கள். அந்த வரியை நான்தான் மாமிக்கு உரக்க வாசித்தேன். என் தலையில் மண் போடுவதற்கு என் வாயையே கடன் வாங்கினீர்களே! பாலம் முடியும்வரை அழுதேன். தங்கச்சிமடத்தில் இறங்கும்போது நிறுத்திவிட்டேன்.

அந்த வாரமே, மாமி செபமாலையில் இருக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து என் எழுத்து முழுவதையும் ஃப்ளாப்பிகளில் எடுத்துவிட்டேன். வைரஸ் உயிரோடு இருந்ததால் அதுவே எல்லாவற்றையும் திறந்து கொடுத்தது. மண்டபத்தில் சோதித்துவிட்டு அச்செடுத்தேன். டிசம்பர் ஏழாம் தேதி ஆய்வேட்டைக் கொடுத்தாயிற்று. தூத்துக்குடியில் வேலையும் சொல்லியிருக்கிறார்கள்.

மாமாவின் குரலைப் பற்றிக் கேட்கிறீர்கள். மதினி சொல்லி மாமி நாளுக்கு நான்கு தடவை பெட்டியைப் போட்டதை ஆரம்பத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். பூட்டு வாசல் வரைக்கும் வரும் என்றும் தெரியும். அதை உங்களுக்கு எழுதவில்லை. எழுதியிருந்தால் உங்கள் அய்யாவுக்காகவாவது அவசரமாக நிறுத்தியிருப்பீர்கள். சென்னை அதிகாரியின் ஃப்ளாப்பிக்கு ஒரு நகல் என் கைப்பையில் இருந்தது. கல்லறைத் திருநாள் அன்றும் இருந்தது. பத்து நிமிட வேலை.

அதற்காகத்தான் உங்களிடம் ஒரு சொல் கேட்டேன். அழியும் என்று எழுதியிருந்தால், ஏன், மருந்தைப் போட வேண்டாம் என்று மட்டும் எழுதியிருந்தால்கூட, அன்றைக்கே பெட்டியைக் குணப்படுத்தி மாமாவைக் காப்பாற்றியிருப்பேன், உங்களையும் மன்னித்திருப்பேன். நீங்கள் அந்தக் குரல் மேலேயே சத்தியம் செய்தீர்கள். சரி, பொய்ச் சத்தியத்துக்கு விலையாக அதையே கொடுக்கட்டும் என்று நினைத்தேன். நான் எதையும் தவறாக அடிக்கவில்லை. நீங்கள் எழுதியதை எழுத்துக்கூட்டி அடித்தேன்.

என் தாள்களை அடுப்பில் போட்டவர்கள் மாமி. அட்டைக்குக் குஞ்சு பொரிக்கிறவள் என்று நாலுபேர் முன்னால் சொன்னவர்களும் மாமிதான். ஆனாலும் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பெட்டி எழாது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்பதாக இல்லை. கடைசியில் இன்னாசி வந்தால்தான் முடியும் என்று சொல்லிவிட்டேன். உடனே முகம் தெளிந்துவிட்டது. மாமாவின் குரல் இனி ஒருநாளும் வராது என்பதை நான் சொல்லவில்லை. அதை நீங்களே வந்து, அவர்கள் எதிரில் உட்கார்ந்து சொல்லுங்கள்.

முதுகைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புஷ்பமேரி

—

தங்கச்சிமடம்
2.2.1999

இயேசு மரி சூசை

மகன் இன்னாசிக்கு அம்மா செபஸ்தியம்மா சொல்லி எழுதுறது.

நான் சொகமா இருக்கேன் ராசா. நீ சொகமா? கண்ணுதான் இப்ப வெளிச்சம் இருட்டு மட்டுந்தான் தெரியுது. ஆப்ரேசன் பண்ணலாங்குறாங்க. நான் இருக்கட்டும்னுட்டேன். அய்யா கொரல் வந்துட்டாப் போதும், கண்ணு எதுக்கு எனக்கு.

மேரி நாளைக்குத் தூத்துக்குடிக்கு வேலைக்குப் போறா. போறதுக்கு முந்தி இந்தக் கடுதாசிய எழுதிக் குடுத்துட்டுப் போத்தான்னேன், ஒக்காந்து எழுதுறா. அவள நான் நெறையப் பேசிருக்கேன். மனசுல வச்சுக்கிடாம எழுதுறா பாரு.

அந்தப் பெட்டிய என்னமோ பூட்டிருச்சாம்ல. அந்தப் பூட்டப் பத்தி ஒனக்குத்தான் எல்லாந் தெரியும்னு மேரி சொல்லுறா. சவேரியம்மாளக் கேட்டா எந்திரிச்சுப் போயிடுறா. அங்கன ஊரான் பெட்டியெல்லாம் சரி பண்ணுறியே, நம்ம வீட்டுப் பெட்டிக்கு ஒனக்கு நேரமில்லையாப்பா? கர்த்தர் ஒனக்கு அந்தக் கைவேலையக் குடுத்ததே ஒங்க அய்யா கொரல எடுத்துத் தரத்தான்னு ஊருக்கெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்.

நான் விடல. மணியடிச்சா மூணு வேளையும் பொத்தான அமுக்கிட்டுத்தான் இருக்கேன். உள்ள வெளிச்சம் வருது, விர்ருன்னு ஒரு சத்தம் வருது. இப்ப ஆரம்பிச்சிருவாரு, இப்ப ஆரம்பிச்சிருவாருன்னு கேட்டுக்கிட்டே இருப்பேன். பெறகு நானே அவரு பங்கையும் சேத்துச் சொல்லி முடிச்சுருவேன்.

லீவுக்கு வரும்போது எனக்குச் சேல, சோப்பு ஒண்ணும் வேணாம். அத மட்டும் சரி பண்ணிக் குடு. ஈஸ்டருக்கு நீ வார, அன்னைக்கு அய்யா செபஞ் சொல்லப் போறாருன்னு தெரு முழுக்கச் சொல்லிட்டேன். எல்லாரும் வாராங்க. வந்துரு ராசா.

ஒன் அம்மா,
செபஸ்தியம்மாள் (கைநாட்டு)

மாமி சொல்லச் சொல்ல எழுதியது. ஒரு சொல் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

பு. மேரி